மருந்தும் குழுவும்: கவனக்குறைபாடுள்ள குழந்தைகளுக்கு இணைச் சிகிச்சை



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருளுக்கும் அறக்கட்டளைச் சொற்பொழிவுகளுக்கும் பழைய உறவு உண்டு. 1902 மார்ச் மாதம் லண்டன் அரச மருத்துவர் கல்லூரியில் ஜார்ஜ் ஃபிரெடரிக் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் மூன்று உரைகள் ஆற்றினார். 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தியோடர் கூல்ஸ்டன் என்ற மருத்துவர் உயில் எழுதி விட்டுப்போன பணத்தில் இன்றுவரை நடந்துவரும் உரை வரிசை அது. அந்த மேடையில் ஸ்டில் ஒரு வகைக் குழந்தைகளை வருணித்தார். அறிவுக்குக் குறைவில்லை. ஆனால் கேட்டது அந்தக் கணமே வேண்டும். ஒன்றில் மனம் ஊன்றாது. காலையில் அடி வாங்கிய அதே காரியத்தை மாலையில் மறுபடி செய்வார்கள். வளர்ப்பை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, உடலிலும் காரணம் இருக்க வேண்டும் என்று அவர் வாதிட்டார். கவனக்குறைவு – மிகை இயக்கக் குறைபாடு, சுருக்கமாக ஏ.டி.எச்.டி., என்று நாம் இன்று சொல்வதன் வரலாற்றை அந்த உரைகளிலிருந்து தொடங்குவது மருத்துவ உலகின் வழக்கம்.

நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பிறகும் பெற்றோர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: “மாத்திரை கொடுக்கணுமா டாக்டர், இல்ல கவுன்சலிங்லயே சரியாகிடுமா?” இந்த ஒரு மணி நேரத்தில் நான் சொல்ல விரும்புவது ஒன்றே. மாத்திரை குழந்தைக்குள் வேலை செய்கிறது. நல்ல குழுச் சிகிச்சை குழந்தையைச் சுற்றியிருக்கும் பெரியவர்களிடம் வேலை செய்கிறது. இரண்டு வேலையும் நடந்தால்தான் பிள்ளை தேறும். ஒன்றுக்குப் பதில் மற்றொன்று ஆகாது.

தெரியும், ஆனால் செய்ய வராது

எல்லாத் துறுதுறுப்பும் நோயல்ல. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட வரையறை கவனக்குறைவுக்கு ஒன்பது அறிகுறிகளையும், மிகை இயக்கத்துக்கும் அவசரத்துக்கும் சேர்த்து ஒன்பது அறிகுறிகளையும் தருகிறது. ஏதேனும் ஒரு பட்டியலில் ஆறு அறிகுறிகளாவது இருக்க வேண்டும். ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, குழந்தையின் படிப்பையோ உறவுகளையோ அது பாதிக்க வேண்டும். வீட்டில் மட்டும் அடங்காத பிள்ளைக்கும், கணக்கு வகுப்பில் மட்டும் கவனம் சிதறும் பிள்ளைக்கும் வேறு காரணம் தேட வேண்டும். கண் பார்வை, காது கேட்பது, தூக்கம், இரத்தசோகை, கற்றல் குறைபாடு, வீட்டுச் சண்டை ஆகிய அனைத்தையும் பார்த்த பிறகே இந்தப் பெயரைச் சூட்டலாம்.

உலக அளவில் பள்ளி வயதினரில் சுமார் 5 சதவீதம் பேருக்கு இது இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். கோயம்புத்தூரில் நான்கு பள்ளிகளைச் சேர்ந்த 770 தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்தி 2013இல் வெளியான ஆய்வு 11.32 சதவீதம் என்றது. அது பெற்றோரும் ஆசிரியரும் நிரப்பிய படிவங்களை வைத்துக் கண்ட எண். குறைந்த கணக்கையே எடுத்துக்கொண்டாலும், நாற்பது பேர் உள்ள வகுப்பறையில் இரண்டு குழந்தைகள். ஆசிரியர்களே, இந்நேரம் அந்த இரண்டு முகங்களும் உங்கள் நினைவுக்கு வந்திருக்கும்.

இந்தக் குழந்தைகளைப் பற்றி அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி நெடுங்காலமாக வற்புறுத்திவரும் ஒரு கருத்தை என் உரைக்கு அடித்தளமாக வைக்கிறேன். இவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது தெரியும். தெரிந்ததைச் செய்ய வேண்டிய நேரத்தில் செய்ய வராது. “வரிசையில் நிற்கும்போது முன்னால் நிற்பவனைத் தள்ளலாமா?” என்று கேட்டுப் பாருங்கள். “கூடாது சார்” என்று தெளிவாகச் சொல்வான். பத்து நிமிடம் கழித்து மதிய உணவு வரிசையில் தள்ளுவான். அந்தக் கணத்தில் விதி அவன் நினைவுக்கு எட்டாது, கை முந்திவிடும். ஆகவே புத்திமதியை மட்டும் நம்பிய எந்தச் சிகிச்சையும் இவர்களிடம் பலிக்காது. அந்தக் கணத்திலேயே, அந்த இடத்திலேயே உதவி கிடைக்க வேண்டும்.

மாத்திரை செய்வதும் செய்யாததும்

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில், மூளைக்காய்ச்சலால் பாதிக்கப்பட்ட தம் மகள் எம்மாவின் பெயரில் ஜார்ஜ் பிராட்லி விட்டுப்போன சொத்திலிருந்து குழந்தைகளுக்கான ஒரு மருத்துவ இல்லம் 1931இல் தொடங்கியது. அங்கே மருத்துவராக இருந்த சார்லஸ் பிராட்லி, பரிசோதனை ஒன்றுக்குப் பின் பிள்ளைகளுக்கு வந்த தலைவலியைத் தீர்க்க பென்ஸிட்ரின் என்ற ஆம்ஃபெடமின் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். தலைவலி பெரிதாகக் குறையவில்லை. ஆனால் சில பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்து பாடம் படிக்கத் தொடங்கினார்கள். 1937இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் 30 குழந்தைகளில் 14 பேரின் பள்ளி வேலை வியக்கத்தக்க அளவில் முன்னேறியதாகப் பதிவு செய்தார். அதைக் குழந்தைகளே ‘கணக்கு மாத்திரை’ என்று அழைத்தார்கள்.

இன்று நாம் அதிகம் பயன்படுத்தும் மெத்தில்ஃபெனிடேட் 1944இல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனத்தில் லியாண்ட்ரோ பானிசான் என்ற வேதியியலாளர் உருவாக்கியது. மூளையின் முன்பகுதியில் டோபமின், நார்அட்ரினலின் என்ற இரண்டு வேதிப்பொருள்களும் நரம்பு முனைகளில் சற்றுக் கூடுதல் நேரம் தங்க இது வழி செய்கிறது. செய்யும் வேலையைத் தொடர்வதற்கும், செய்யக்கூடாததை நிறுத்திக்கொள்வதற்கும் அந்தப் பகுதிதான் பொறுப்பு. சாதாரண மாத்திரையின் பலன் சுமார் நான்கு மணி நேரம் இருக்கும். மெதுவாகக் கரையும் வகை எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் தாங்கும். அட்டொமொக்ஸெடின் வேறு வகை. அதன் முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் பொறுக்க வேண்டும்.

பெற்றோரின் அச்சங்களை ஒதுக்கித் தள்ளக் கூடாது, ஒவ்வொன்றுக்கும் நேராகப் பதில் சொல்ல வேண்டும். பசி குறையும். ஆகவே காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரையைக் கொடுத்து, மருந்தின் வேகம் தணிந்த பின் மாலையில் நன்றாகச் சாப்பிட வைக்க வேண்டும். மாத்திரையைத் தாமதமாகக் கொடுத்தால் தூக்கம் தள்ளிப்போகும். நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் சற்று ஏறலாம். ஆண்டுக்கணக்கில் இடைவிடாமல் எடுப்பவர்களுக்கு உயரம் ஓரளவு குறையக்கூடும். எனவே ஒவ்வொரு முறை வரும்போதும் உயரம், எடை, நாடி, இரத்த அழுத்தம் ஆகியவற்றைக் குறித்து வைக்க வேண்டும். பிள்ளை பொம்மைபோல் மந்தமாகிவிட்டால் அதைப் பலன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மருந்தின் அளவு கூடிவிட்டது என்று பொருள். உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். சிறுவயதில் முறையாக இந்த மருந்தை எடுத்ததால் பின்னாளில் போதைப் பழக்கம் கூடுகிறது என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை.

மாத்திரையால் ஆகாதவையும் உண்டு. விடுபட்ட மூன்றாம் வகுப்புக் கணக்கை அது சொல்லிக்கொடுக்காது. விளையாட்டில் சேர்த்துக்கொள்ளாத நண்பர்களை வரவழைக்காது. அம்மாவுக்கும் பிள்ளைக்கும் இடையே ஐந்து ஆண்டுகளாகச் சேர்ந்துபோன கசப்பைக் கரைக்காது. மும்முனை மின்சாரம் குறிப்பிட்ட சில மணி நேரந்தான் வரும் ஒரு கிராமத்தை நினைத்துப் பாருங்கள். கரன்ட் வந்து மோட்டார் ஓடும்போது வாய்க்காலும் பாத்தியும் தயாராக இருந்தால் பயிருக்குத் தண்ணீர் போய்ச் சேரும், இல்லாவிட்டால் ஓடி வீணாகும். மாத்திரை தருவது அந்தச் சில மணி நேரம். வாய்க்கால் வெட்டுவது யார்?

குழு என்றால் எந்தக் குழு?

குழுச் சிகிச்சை என்றதும் குழந்தைகளை வட்டமாக உட்கார வைத்துப் பழகும் முறைகளைச் சொல்லித்தருவதே பலருக்கும் நினைவில் வரும். அதற்குக் கிடைத்திருக்கும் சான்று வலுவானதல்ல. இத்தகைய சமூகத்திறன் பயிற்சிகளைப் பற்றிய சோதனைகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் என்ற அமைப்பின் ஆய்வு, 2019இல் புதுப்பித்தபோதும், தெளிவான பலன் இருப்பதாகச் சொல்ல முடியவில்லை என்றே முடித்தது. காரணம் முன்பே பார்த்ததுதான். அறையில் கற்றது விளையாட்டுத் திடலில் நினைவுக்கு வராது. மேலும், நடத்தைச் சிக்கல் மிகுந்த வளரிளம் பருவத்தினரை மட்டும் ஒன்றாகச் சேர்த்தால் ஒருவரைப் பார்த்து ஒருவர் தவறு கற்கும் ஆபத்து உண்டென்று தாமஸ் டிஷியனும் அவருடன் பணியாற்றியவர்களும் 1999இல் எச்சரித்தார்கள். குழந்தைகள் குழு நடத்துகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. எண்ணிக்கை சிறிதாக இருக்க வேண்டும். ஒழுங்கு தெளிவாக இருக்க வேண்டும். பேச்சைவிட விளையாட்டும் வேலையும் மிகுந்திருக்க வேண்டும். நல்ல நடத்தைக்கு அந்த நிமிடமே பாராட்டும் புள்ளியும் கிடைக்க வேண்டும். வில்லியம் பெல்லம் அமெரிக்காவில் உருவாக்கிய கோடைக்காலச் சிகிச்சை முகாம் இப்படிப்பட்டது. அங்கே பந்து விளையாடும்போதே, பந்துக்காகச் சண்டை வரும் அந்தக் கணத்திலேயே பயிற்சி நடக்கும்.

வளர்ந்த பிள்ளைகளுக்குக் கதை வேறு. பார்சிலோனாவில் 15 முதல் 21 வயதுக்குட்பட்ட 119 பேரை வைத்து நடந்த ஆய்வு 2015இல் வெளியானது. அவர்கள் ஏற்கெனவே மருந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள், ஆனாலும் சிரமங்கள் மீதமிருந்தன. பன்னிரண்டு அமர்வுகள் குழுவாகச் சிந்தனை–நடத்தைச் சிகிச்சை பெற்றவர்களிடம், காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களைவிட அறிகுறிகள் நன்றாகக் குறைந்தன. மருந்தின் துணையோடு, தன்னைத்தானே கவனிக்கத் தெரிந்த வயதில், குழு நேரடியாகப் பலன் தருகிறது.

பள்ளிச் சிறுவர்களைப் பொறுத்தவரை மிக வலுவான சான்று பெற்றோர் குழுவுக்குத்தான். அந்த அறைக்குள் உங்களை ஒருமுறை அழைத்துச் செல்கிறேன். சனிக்கிழமை காலை. புறநோயாளிகள் பிரிவில் ஓர் அறை. பத்துப் பன்னிரண்டு பேர். பெரும்பாலும் அம்மாக்கள், ஓரிரு அப்பாக்கள், ஒரு தாத்தா. “எத்தனை தடவை சொன்னாலும் காதுலயே வாங்க மாட்டான்” என்கிறார் ஓர் அம்மா. நேற்றுச் சாயங்காலம் சொன்னதை அப்படியே சொல்லிக் காட்டும்படி குழுவை நடத்தும் உளவியலாளர் கேட்கிறார். அவரும் சொல்கிறார்: “டேய், வந்ததும் பையைத் தூக்கிப் போட்டுட்டியா, யூனிஃபார்மை மாத்து, டிபன் பாக்ஸ எடுத்து வை, முகம் கழுவிட்டு வந்து டைரியக் காட்டு, இன்னிக்கு என்ன வாங்கிட்டு வந்திருக்கியோ!” எங்கே நின்று சொன்னீர்கள்? அடுப்படியிலிருந்து. பிள்ளை எங்கே இருந்தான்? கூடத்தில், டிவிக்கு எதிரில்.

அடுத்து, இன்னோர் அம்மாவைப் பிள்ளையாக நடிக்கச் சொல்லி அதே வசனத்தை அறையின் மறுமூலையிலிருந்து சொல்ல வைக்கிறார்கள். என்ன கேட்டது என்று விசாரித்தால், “கடைசியில திட்டினது மட்டும்தான்க்கா மனசுல நின்னுச்சு” என்கிறார் அவர். அறையில் ஒரு கணம் யாரும் பேசவில்லை. பிறகு மாற்றுமுறையை ஒவ்வொருவரும் செய்து பார்க்கிறார்கள். கிட்டே போவது. பெயர் சொல்லி அழைப்பது. முகம் திரும்பும்வரை பொறுப்பது. ஒரே ஒரு வேலை சொல்வது: “பையை ஆணியில மாட்டுப்பா.” பத்து எண்ணும்வரை வாய் திறக்காமல் நிற்பது. மாட்டியதும் அந்த நொடியே, “சொன்னதும் மாட்டிட்டியே!” என்பது. அதன் பிறகுதான் அடுத்த வேலை.

இதையே நான் என் அறையில் தனியாகச் சொன்னால் அவர் தலையாட்டிவிட்டுப் போவார். குழுவில் நடப்பது வேறு. “நாலு சாத்து சாத்தினா எல்லாம் சரியாப் போகும், எங்க காலத்துல ஏது இந்த வியாதி?” என்று தாத்தா சொல்லும்போது, பதில் என்னிடமிருந்து வருவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு தகப்பன், “நானும் அடிச்சுப் பாத்துட்டேன்யா. இப்ப அவன் பொய் சொல்லக் கத்துக்கிட்டான், அதான் மிச்சம்” என்கிறார். அந்தச் சொல்லுக்கு உள்ள எடை எந்த மருத்துவரின் சொல்லுக்கும் கிடையாது. தன் பிள்ளை மட்டும் இப்படி இல்லை, தன் வளர்ப்பு மட்டும் தோற்கவில்லை என்று ஒரு தாய் முதல்முறையாக உணர்வதும் அந்த அறையில்தான்.

579 குழந்தைகள் சொன்ன பதில்

மருந்தா, நடத்தைப் பயிற்சியா, இரண்டுமா என்ற கேள்விக்கு விடை தேடி அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனம் முன்னின்று நடத்திய பெரிய ஆய்வின் முடிவுகள் 1999 டிசம்பரில் வெளிவந்தன. அமெரிக்க நகரங்களிலும் கனடாவின் மான்ட்ரியலிலும் நடந்த ஆய்வு அது. ஏழு முதல் ஒன்பது வயதுவரை 579 குழந்தைகள். 14 மாதச் சிகிச்சை. குலுக்கல் முறையில் நான்கு பிரிவுகள்: மருந்து மட்டும், நடத்தைச் சிகிச்சை மட்டும், இரண்டும் சேர்த்து, ஊரில் வழக்கமாகக் கிடைக்கும் சிகிச்சை.

நடத்தைச் சிகிச்சைப் பிரிவில் பெற்றோருக்கு 27 குழு அமர்வுகளும் 8 தனி அமர்வுகளும் நடந்தன. எட்டு வாரக் கோடை முகாம், ஆசிரியருக்கு ஆலோசனை, 12 வாரம் வகுப்பறையில் உதவியாளர், நாள்தோறும் வீட்டுக்குப் போகும் நடத்தைச் சீட்டு ஆகியவையும் இருந்தன. மருந்துப் பிரிவின் கவனம் இன்னும் வியப்பானது. முதல் 28 நாட்கள், நாளுக்கொரு அளவாக மாற்றி மாற்றி, நடுநடுவே மருந்தே இல்லாத வெற்று மாத்திரையும் கலந்து கொடுத்தார்கள். இன்று எது என்று பெற்றோருக்கும் தெரியாது, ஆசிரியருக்கும் தெரியாது. அவர்கள் பிள்ளையின் நடத்தையை மட்டும் நாள்தோறும் படிவத்தில் குறித்தார்கள். அந்த வரைபடங்களை ஒப்பிட்டு அந்தக் குழந்தைக்கேற்ற அளவை முடிவு செய்தார்கள். பிறகு மாதந்தோறும் அரை மணி நேரச் சந்திப்பு.

முடிவுகள் என்ன? கவனக்குறைவு, மிகை இயக்கம் என்ற அடிப்படை அறிகுறிகளைக் குறைப்பதில் மருந்துப் பிரிவும் இணைப் பிரிவும் ஏறத்தாழச் சமம். இரண்டும் மற்ற இரண்டையும் முந்தின. இதை மட்டும் படித்துவிட்டு, “மாத்திரை போதும், மற்றதெல்லாம் வீண்” என்று அன்று பலர் எழுதினார்கள். ஊர்ச் சிகிச்சைப் பிரிவிலும் மூன்றில் இரண்டு பங்கு குழந்தைகள் மருந்து எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள் என்பதை அவர்கள் பார்க்கத் தவறினார்கள். அவர்களும் மருந்தெடுத்தார்கள், ஆனால் அந்த அளவு தேறவில்லை. அளவு பார்த்து, ஆசிரியரிடம் கேட்டு, மாதந்தோறும் கண்காணித்துக் கொடுத்த மருந்துக்கே அந்தப் பலன். சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு ஆறு மாதம் கழித்து வரச் சொல்லும் மருத்துவத்துக்கு அது கிடைக்காது.

வாழ்க்கைக்கு நெருக்கமான அளவுகோல்களை எடுத்தபோது இணைச் சிகிச்சையின் மதிப்பு துலங்கியது. எதிர்த்துப் பேசுவதும் முரட்டுத்தனமும், மனச்சோர்வும் பதற்றமும், பெற்றோருடன் உறவு, வாசிப்பு ஆகியவற்றில் ஊர்ச் சிகிச்சையைத் தெளிவாக முந்தியது இணைப் பிரிவு. அறிகுறிகள் ஏறத்தாழ இயல்பான அளவுக்கு இறங்கிய குழந்தைகள் இணைப் பிரிவில் 68 சதவீதம், மருந்துப் பிரிவில் 56, நடத்தைப் பிரிவில் 34, ஊர்ச் சிகிச்சையில் 25. அதுவும் குறைந்த மருந்தில்: ஆய்வின் முடிவில் மருந்துப் பிரிவுக் குழந்தை நாளொன்றுக்குச் சராசரியாக 37.7 மில்லிகிராம் எடுத்தது, இணைப் பிரிவுக் குழந்தைக்கு 31.2 போதுமானதாக இருந்தது. மருந்தின் அளவைப் பற்றிக் கவலைப்படும் பெற்றோருக்கு இதைவிட நல்ல செய்தி வேறில்லை. பதற்றமும் சேர்ந்திருந்த குழந்தைகளில், நடத்தைச் சிகிச்சை தனியாகவே மருந்துக்கு ஏறத்தாழ நிகரான பலன் தந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆய்வின் தரவுகளில் என்னை மிகவும் பாதித்த பகுதி ஸ்டீபன் ஹின்ஷாவும் உடன் பணியாற்றியவர்களும் 2000இல் எழுதியது. இணைச் சிகிச்சை பெற்ற சில குழந்தைகள் பள்ளியில் சக மாணவர்களைப் போலவே நடந்துகொள்ளும் அளவுக்கு மாறினார்கள். யார் அவர்கள் என்று பார்த்தார்கள். எந்த வீடுகளில் கத்தலும் அடியும், ஒருநாள் கண்டிப்பு மறுநாள் விட்டுவிடுவது என்ற நிலையற்ற போக்கும் நன்றாகக் குறைந்தனவோ, அந்த வீட்டுப் பிள்ளைகள். அம்மா வீட்டில் மாறியதை, அது தெரியாத ஆசிரியர் பள்ளியில் கண்டார்.

இன்னொரு முடிவு கசப்பானது, அதையும் சொல்ல வேண்டும். வகுப்புத் தோழர்களிடமே கேட்டறிந்தபோது, எந்தப் பிரிவுக் குழந்தைகளும் நட்பில் முழுமையாகத் தேறியிருக்கவில்லை. ‘இவனைச் சேர்த்துக்கொள்ள மாட்டோம்’ என்று ஒருமுறை முடிவு செய்த வகுப்பு, அந்தப் பிள்ளை மாறிய பிறகும் எளிதில் மனம் மாறுவதில்லை. அந்த வேலை வகுப்பறையில் நடக்க வேண்டியது. அதை மருத்துவமனை செய்துவிட முடியாது.

எது முதலில்?

அந்த 579 குழந்தைகளை மூன்றாம் ஆண்டு முடிவில் மறுபடி அளந்தபோது நான்கு பிரிவுகளுக்கும் இடையிலிருந்த வேறுபாடு மறைந்துவிட்டது. எல்லாப் பிரிவினரும் தொடக்கத்தைவிட நன்றாகவே இருந்தார்கள், ஆனால் எந்தச் சிகிச்சைக்கும் தனி முன்னிலை இல்லை. 14 மாதத்தோடு தீவிரச் சிகிச்சை நின்றுபோனதை வைத்தே இதைப் படிக்க வேண்டும். நிறுத்திய மருந்தும் நிறுத்திய பயிற்சியும் தொடர்ந்து பலன் தருவதில்லை. ஏ.டி.எச்.டி. ஆண்டுக்கணக்கில் உடன்வரும் நிலை, சிகிச்சையும் ஆண்டுக்கணக்கில் ஏறியிறங்கி உடன்வர வேண்டும்.

அப்படியானால் எதிலிருந்து தொடங்குவது? பெல்லமும் உடன் பணியாற்றியவர்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல வழி காட்டுகிறது. 5 முதல் 12 வயது வரையுள்ள 146 குழந்தைகள். பாதிப் பேருக்குக் குறைந்த அளவு மருந்து முதலில். மீதிப் பேருக்கு எட்டுப் பெற்றோர் குழு அமர்வுகளும் பள்ளி நடத்தைச் சீட்டும் முதலில். போதாதவர்களுக்கு, தொடங்கியதன் அளவைக் கூட்டினார்கள் அல்லது மற்றதைச் சேர்த்தார்கள். நடத்தைப் பயிற்சியில் தொடங்கிய குழந்தைகள் வகுப்பில் விதி மீறுவது குறைவாக இருந்தது. பெரிய காரணங்களில் ஒன்று எளிமையானது: மருந்தில் தொடங்கிய வீடுகளில், பிறகு பெற்றோர் குழுவுக்கு அழைத்தபோது பலர் வரவில்லை. பிள்ளை ஓரளவு அடங்கிவிட்டான், இனி எதற்கு என்று தோன்றிவிடுகிறது. குழுவில் தொடங்கியவர்களோ வந்தார்கள், கற்றார்கள். தேவைப்பட்டவர்களுக்கு மருந்தும் பின்னால் சேர்ந்தது.

பிரிட்டனின் 2018 வழிகாட்டுதலும் இதே திசையில் செல்கிறது. ஐந்து வயதுக்குட்பட்டோருக்கு முதல் சிகிச்சை பெற்றோர் குழுப் பயிற்சி. அதற்கு மேற்பட்டோருக்கு முதலில் பெற்றோருக்கு வழிகாட்டலும் சூழலில் மாற்றங்களும், அதன் பிறகும் பாதிப்பு தொடர்ந்தால் மருந்து. இதை மருந்தைத் தள்ளிப்போடும் சாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். பள்ளியை விட்டே நிறுத்தப்படும் நிலையில் உள்ள பிள்ளைக்கும், சாலையில் கையை உதறிவிட்டு ஓடும் பிள்ளைக்கும் குழு முடியும்வரை காத்திருக்க நேரமில்லை. அங்கே இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டும்.

நம் ஊரில் செய்யக்கூடியது

“இதெல்லாம் அமெரிக்காவுக்குச் சரி, நம்மிடம் ஆள் எங்கே?” என்ற கேள்வி நியாயமானது. ஆள் குறைவாக இருப்பதாலேயே நமக்குக் குழு தேவை என்பது என் பதில். கனடாவின் ஹாமில்டன் நகரில் சார்லஸ் கன்னிங்ஹாம் 1995இல் வெளியிட்ட ஆய்வை இங்கே நினைவுகூர்கிறேன். நடத்தைச் சிக்கல் உள்ள சிறு குழந்தைகளின் பெற்றோரில் ஒரு பகுதியினருக்கு மருத்துவமனையில் தனித்தனியாகவும், இன்னொரு பகுதியினருக்கு அவரவர் பேட்டையிலேயே பெரிய குழுவாகவும் பயிற்சி தந்தார். பேட்டைக் குழுக்களில் முன்னேற்றம் கூடுதலாக இருந்தது. செலவைக் கணக்கிட்டால் ஆறு மடங்குக்கும் மேல் சிக்கனம். புலம்பெயர்ந்த குடும்பங்களும், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களும், சிக்கல் மிகுந்த பிள்ளைகளின் பெற்றோரும் மருத்துவமனைக்கு வருவதைவிடப் பேட்டைக் குழுவுக்கே அதிகம் வந்தார்கள்.

நம்மிடம் அதற்கான இடங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழுக்கள் பள்ளிதோறும் செல்கின்றன. அவர்கள் தேட வேண்டிய முப்பது நிலைகளின் பட்டியலில் ஏ.டி.எச்.டி.யும் இருக்கிறது. கண்டறிந்த பிள்ளையை அனுப்ப மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையம் இருக்கிறது. பெற்றோர் கூடிப் பழகிய பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. இவற்றை இணைத்து, மாவட்ட மையத்தில் மாதம் இருமுறை ஒரு பெற்றோர் குழு நடத்தப் புதிய கட்டடம் வேண்டாம். பயிற்சி பெற்ற ஓர் உளவியலாளரும், ஓர் அறையும், வேலைக்குப் போகும் பெற்றோர் கூலியை இழக்காமல் வரத்தக்க ஒரு நேரமும் போதும்.

மருந்து கிடைப்பதில் ஒரு சிக்கல் உண்டு. மெத்தில்ஃபெனிடேட் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழும், மருந்து விதிகளின் எக்ஸ் பட்டியலின் கீழும் வருகிறது. சீட்டை இரண்டு படி எழுத வேண்டும், மருந்துக்கடை ஒரு படியை இரண்டு ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். கட்டுப்பாடு தேவைதான். ஆனால் இதனால் சிறிய ஊர்க் கடைகளில் இந்த மருந்து இருப்பதில்லை. ஒரு மாத மாத்திரைக்காக மாவட்டத் தலைநகருக்கு பஸ் ஏறும் தாய், இரண்டாவது மாதமே சோர்ந்துபோகிறார். மாவட்ட அரசு மருத்துவமனை மருந்தகங்களில் இது தொடர்ந்து கிடைக்க வழி செய்ய வேண்டும். குழு கூடும் நாளிலேயே மாத்திரையும் கிடைத்தால் ஒரே பயணத்தில் இரண்டும் முடியும்.

ஆசிரியர்களுக்கு ஒரு கருவி தருகிறேன். உள்ளங்கை அளவுத் தாள். மூன்றே வரிகள்: ‘தொடங்கிய வேலையை முடித்தான்’, ‘கையை உயர்த்திய பின் பேசினான்’, ‘அடுத்தவர் பொருளைத் தொடவில்லை’. ஒவ்வொரு பாடவேளைக்கும் ஒரு கட்டம். செய்தால் டிக், செய்யாவிட்டால் வெறுமையாக விடுங்கள். சிவப்பு மையில் திட்டு எழுத வேண்டாம். மாலையில் அதைப் பார்த்துப் பெற்றோர், முன்பே பேசி வைத்தபடி அரை மணி நேரம் கூடுதலாக சைக்கிள் ஓட்ட விடுவார்கள். முதல் வாரத்தில் அவன் எளிதாக எட்டும் அளவில் இலக்கை வையுங்கள். வெற்றியின் ருசி தெரிந்த பிறகு உயர்த்துங்கள். இந்தத் தாள்தான் மருத்துவருக்கும் மருந்தளவைச் சரிபார்க்கும் சான்று. மாத்திரையையும் பயிற்சியையும் வீட்டையும் பள்ளியையும் ஒரே இடத்தில் இணைப்பது இந்தத் தாள். அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்திருக்கிறது. அந்தத் தடைக்குப் பின் ஆசிரியர் கையில் என்ன மிச்சம் என்று கேட்பவர்களுக்கும் இது ஒரு விடை.

சக மருத்துவர்களுக்கு என் வேண்டுகோள்: பெற்றோர் குழுவில் பெயர் எழுதாமல் மருந்துச் சீட்டு எழுதாதீர்கள். ஆசிரியரின் குறிப்பைப் பார்க்காமல் அளவைக் கூட்டாதீர்கள். உளவியலாளர்களுக்கு: மருந்து தேவைப்படும் பிள்ளையை, பயிற்சியே போதும் என்று மாதக்கணக்கில் நிறுத்தி வைக்காதீர்கள். கல்லூரிகளுக்கும் அறக்கட்டளைகளுக்கும்: ஒரு மாவட்டத்தில் ஒரு பெற்றோர் குழுவை ஓராண்டு நடத்தும் பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள், அதன் பலனை அளந்து தமிழில் எழுதி வையுங்கள். அடுத்த தலைமுறைக்கு நம் மண்ணின் சான்று வேண்டும்.

பெற்றோர்களே, இது உங்கள் குற்றத்தால் வந்ததல்ல. ஆனால் பிள்ளை தேறுவதில் உங்கள் பங்கு பெரியது; வீட்டில் பெற்றோர் மாறியபோது பிள்ளை பள்ளியில் மாறியதை நான் மேலே சொன்ன ஹின்ஷாவின் ஆய்வு காட்டியிருக்கிறது. மாத்திரை தரும் மணி நேரங்களை உங்கள் பிள்ளை பயன்படுத்திக்கொள்ள நீங்கள் கற்க வேண்டியது சில எளிய பழக்கங்கள். அவற்றைத் தனியாகக் கற்க வேண்டிய அவசியம் இல்லை. உங்களைப் போன்ற பத்துப் பேரோடு சேர்ந்து கற்கலாம். உங்கள் மாவட்ட மையத்தில் அப்படி ஒரு குழு இல்லையென்றால், கேளுங்கள். திரும்பத் திரும்பக் கேளுங்கள். அது உங்கள் பிள்ளைக்கு உரிய சிகிச்சையின் பாதி.